ஒருவரும் சாகாத சங்கம்

அந்தக் காலத்தில் எங்கள் குடியேற்றத் திட்டத்தில் பூட்டுப் போடக்கூடிய அலுமாரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது. சீதனமாக வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏற்றிக் கிளிநொச்சியில் இறக்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் அக்கராயன் பக்கம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அதற்கு ஒரு கால் போய்விட்டது. மூன்று காலும் ஒரு செங்கல்லுமாக நின்றது. இந்த அலுமாரியால்தான் என் வீட்டுக்காரர் மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர் ஆனார். தன்னுடைய நேர்மைக்காகத் தெரிவு செய்தார்கள் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார். நேர்மைக்கு அங்கே குறைவில்லை, எல்லாரிடமும் இருந்தது, அலுமாரிதான் இல்லை.

காடு வெட்டி வயல் பிரித்துக் கொடுத்த கொலனி அது. ஆளுக்கு ஒரு துண்டு வயல், ஒரு துண்டு மேட்டுக்காணி, ஒரு சின்ன ஓட்டு வீடு. அரசாங்கக் கச்சேரியில் ஆள் எடுத்தபோது கலியாணம் முடித்தவனா, கைகால் உறுதியா, மண்வெட்டி பிடிப்பானா என்று பார்த்துத்தான் எடுத்தார்கள். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் இளந்தாரிகள். பள்ளிக்கூடம் இல்லை, கோயில் என்று ஒரு வேப்பமரத்தடியில் ஒரு கல், தபாலுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். இந்த நிலையில் எங்கள் ஆண்கள் கூடி முதன்முதலாகத் தொடங்கியது என்ன தெரியுமா? மரண உதவிச் சங்கம்! குடிதண்ணீருக்குக் கிணறு தோண்டி முடியவில்லை, அதற்குள் சாவுக்கு ஆயத்தம்.

அதற்குக் காரணம் தலைவர். அவர் குடாநாட்டிலிருந்து வரும்போது தன் ஊர்ச் சங்கத்தின் விதிப் புத்தகத்தை றங்குப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மனைவியின் தையல் மெசினைப் பாரமென்று விட்டுவிட்டு வந்த மனிதர் அந்தப் புத்தகத்தை விடவில்லை. ஊரின் பெயரை மட்டும் வெட்டிவிட்டு எங்கள் திட்டத்தின் பெயரை எழுதினார், சங்கம் தயார். மாதச் சந்தா ஐம்பது சதம். அங்கத்தவர் வீட்டில் மரணம் நிகழ்ந்தால் நூறு ரூபாய். மரணம் திட்டத்தின் எல்லைக்குள் நிகழ வேண்டும். மிஞ்சும் காசு கையிருப்பு; அதை வேறு எந்தத் தேவைக்கும் தொடக் கூடாது. காரியதரிசி இதையெல்லாம் அழகான எழுத்தில் பிரதி பண்ணினார். அவர் கிளாக்கர் சோதினை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் தவறியவர். தவறியது சோதினைக்காரரின் குற்றம் என்று காட்டுவதற்காகவே வாழ்ந்தார். சும்மா மழை பெய்தால்கூட 'வருணபகவான் கருணை பொழிந்தமையால்' என்றுதான் கூட்டக் குறிப்பில் எழுதுவார்.

காசு வைக்க ஒரு பெரிய பிஸ்கற் தகரம். அதன் மூடியில் மூன்று கொளுக்கிகள் ஒட்டி மூன்று பூட்டுப் போட்டார்கள். ஒரு திறப்பு தலைவரிடம், ஒன்று காரியதரிசியிடம், ஒன்று இவரிடம். சந்தா போட மூடியில் ஒரு வெட்டு. காசு உள்ளே போகலாம். மூன்று பேரும் ஒன்றாக நில்லாமல் வெளியே வராது. அந்தத் தகரத்தை வைப்பதற்காக என் அலுமாரியின் நடுத்தட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். என் கூறைச்சேலையும் மற்ற நல்ல சேலைகளும் ஒரு மாச்சாக்குக்குள் போயின. அதில் இரண்டை எலி அரித்தது. நான் கத்தினேன். இவர், "பொதுக்காரியம் எண்டா அப்பிடித்தான்" என்றார். பொதுக்காரியமாம். எலிக்குத்தான் அது நல்ல காரியம்.

எல்லாம் ஆயத்தம். ஆனால் ஒருவரும் சாகவில்லை.

ஒரு வருஷம் போயிற்று, இரண்டு வருஷம் போயிற்று. பாம்பு கடித்தது, மலேரியா அடித்தது, வேலி பாய்ந்த யானையைக் கலைக்கப் போய் ஒருவர் தென்னங்குழிக்குள் விழுந்து கிடந்தார். ஆனால் ஆருக்கும் உடம்பு கொஞ்சம் மோசம் என்றால் உடனே வண்டிலைக் கட்டிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் யாழ்ப்பாண ரயிலில் ஏற்றிவிடுவார்கள். மண்ணை வெட்டினது இங்கே, நெல்லு விளைந்தது இங்கே. சாவதென்றால் மட்டும் ஊருக்குப் போய்த்தான் சாக வேண்டும். பெண்கள் பிள்ளைப்பேறென்றால் தாய்வீட்டுக்குப் போவது போல ஆண்கள் சாவதற்குத் தாய்மண்ணுக்குப் போனார்கள். போனவர்களில் முக்காற்பங்கு அங்கே இரண்டு கிழமை மீன்குழம்பு சாப்பிட்டுக் கொழுத்துத் திரும்பி வந்தார்கள்.

அப்படிப் போய் வந்தவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துக் காணிக்காரரின் தகப்பன். திட்டத்தில் வயது போனவர் அவர் ஒருவர்தான். மகனுக்கு ஒத்தாசையாக வந்து, தனியாகச் சந்தா கட்டிச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். ஒரு மாசிப் பனியில் அவருக்கு மூச்சு இழுத்தது. மகன் அழுதழுது ஸ்ரேசனுக்குக் கொண்டுபோனான். ரிக்கற் எடுக்கும் இடத்தில், கெட்டிக்காரத்தனமாக, தனக்கும் மனைவிக்கும் போய்வர ரிக்கற் எடுத்தான். தகப்பனுக்கு மட்டும் ஒரு வழி.

கிழவருக்கு மூச்சுத்தான் இழுத்தது, கண் நன்றாகத் தெரிந்தது. ரிக்கற்றைப் பார்த்துவிட்டார். ஆனையிறவு உப்புக்காற்றுப் பட்டதும் எழும்பி உட்கார்ந்து மகனைப் பேசத் தொடங்கியவர் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை. மூன்றாம் நாளே தன் காசில் ரிக்கற் எடுத்துத் திரும்பி வந்தார். அந்தப் போகம் முழுக்க மகனோடு கதைக்கவில்லை. "மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி கட்டச் சொல்லு" என்று மாட்டிடம் சொல்லுவார், மகன் பக்கத்தில் நிற்பான். அன்றிலிருந்து சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ரிக்கற் அப்பு.

சங்கத்தின் வருடக் கூட்டம் எங்கள் விறாந்தையில்தான் நடக்கும், அலுமாரி அங்கே இருக்கிறதல்லவா! நான் குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கேட்பேன். காரியதரிசி எழும்பி அறிக்கை வாசிப்பார். "இவ்வாண்டும் எமது சங்கத்தின் உன்னத நோக்கம் நிறைவேறவில்லை என்பதை ஆழ்ந்த மனவருத்தத்துடன் அறியத் தருகின்றோம்." எல்லாரும் வருத்தத்தோடு தலையாட்டுவார்கள். பிறகு அத்தனை பேரும் ஒருமுறை ரிக்கற் அப்புவைப் பார்ப்பார்கள். அப்பு, "என்ன பாக்கிறியள்? நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்பார்.

கையிருப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. ஒருவர் கூட்டத்தில் இருக்கக் கதிரை வாங்குவோம் என்றார், ஒருவர் பெற்றோல்மாக்ஸ் வாங்கி வாடகைக்கு விடுவோம் என்றார். தலைவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். "அடுத்த கிழமை மூண்டு பேர் ஒண்டாச் செத்தா என்ன செய்வியள்?" அத்தோடு கதிரைக் கதையும் விளக்குக் கதையும் முடியும். மாதம் ஒருமுறை தலைவர் வந்து அலுமாரியைத் திறப்பித்து, தகரத்தைத் தூக்கிப் பார்த்து, பிள்ளையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து, "கனம் கூடியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் தூக்கிப் பார்க்க அந்தத் தகரம்தான் இருந்தது. கலியாணமாகி ஆறு வருஷம். இரண்டு தரம் தங்கி இரண்டு தரமும் மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. அதை நான் ஒருவரோடும் கதைப்பதில்லை. குசினிக்குள் போய்ச் சட்டியைப் பலமாகக் கழுவுவேன்.

ஏழாவது வருஷம் எனக்குத் தங்கியது. மூன்று மாதம் தாண்டியது, ஐந்து தாண்டியது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். ஏழாம் மாதம் மருத்துவிச்சி அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை திரும்பிக் கிடக்குது, தங்கச்சி. இதை வீட்டில வைச்சுப் பாக்கிற வேலை வேண்டாம். ஒரு கிழமை முந்தியே ஆசுப்பத்திரிக்குப் போயிடுங்கோ" என்றா. தாய்வீடு என்று போக எனக்கு அம்மா இல்லை. அண்ணனின் மனைவி கடிதம் போட்டிருந்தா. 'வாறதெண்டால் தாராளமாக வரலாம், ஆனால் இங்கே கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது, அறை ஒழுகுகிறது, எனக்கும் நாரிப்பிடிப்பு, நாயும் கடிக்கிறது.' இவ்வளவு அன்பாக அழைத்தால் ஆர் போவார்கள்? கிளிநொச்சி ஆசுப்பத்திரிதான் என்று முடிவு செய்து, மார்கழி நடுவில் வண்டிலில் போவதாக இருந்தோம்.

மழை எங்களைக் கேட்டுக்கொண்டா பெய்யும்? கார்த்திகை முடிவதற்குள் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. வீதியில் மதகு இருந்த இடத்தில் மதகைக் காணவில்லை, ஆறுதான் இருந்தது. அதற்குள் இறக்கிய ஒரு வண்டில் புரண்டு, மாடுகளை நுகத்தோடு வெட்டி எடுத்தார்கள். நான் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து அழுதேன். வெளியே போக வழியில்லை, பிள்ளை திரும்பிக் கிடக்கிறது. எனக்குச் செத்துப்போகப் பயமில்லை. பிள்ளை போய்விடுமோ என்றுதான் பயம்.

அப்படியிருக்க ஒருநாள் மழை விட்டது. கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மா மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு ட்ரக்டர் வந்து சேர்ந்தது. இவர் ஓடிப்போய்க் கேட்டார். சாரதி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "நான் தனியப் போறதெண்டா தண்ணிக்குள்ளால பாய்ஞ்சு போயிடுவன். பிள்ளைத்தாச்சியோட எண்டா காட்டுப் பாதையால சுத்தித்தான் போகவேணும். எண்ணெய்க்கு ஆர் தாறது? முப்பது ரூபாய் கையில வையுங்கோ. மூண்டு மணிக்கு வெளிக்கிடுறன். பேந்து தண்ணி ஏறியிடும்" என்றான்.

முப்பது ரூபாய்! மார்கழி பிறக்கிற நேரத்தில் கொலனியில் ஆரிடம் முப்பது ரூபாய் இருக்கும்? நெல்லு வயலில் நிற்கிறது, வெட்டு மாசியில். எல்லாரும் கடையில் கடன் கொப்பி வைத்துத் தின்கிற காலம். இவர் பத்து வீடு ஏறி இறங்கி நாலு ரூபாய் எழுபத்தைந்து சதத்தோடு வந்தார்.

நான் அலுமாரியைப் பார்த்தேன். இவரும் அலுமாரியைப் பார்த்தார். பிறகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, அந்தத் தகரத்தை உடையுங்கோ. வெட்டு முடிய வைச்சிடலாம்" என்றேன்.

"அது சங்கக் காசு."

"நான் செத்தா நூறு ரூபாய் தருவினமெல்லோ? உயிரோட இருக்க முப்பது தரமாட்டினமோ?"

"அது விதியிலை இல்லையப்பா" என்றார் இவர். கண் கலங்கி நின்றுகொண்டு சொன்னார். அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரத்தில் அலுமாரிக்குக் கீழே இருந்த செங்கல்லை உருவி எறிந்திருப்பேன், குனிய முடியவில்லை. "நீங்களும் உங்கட விதியும்! கோதாரி விழுந்த சங்கம்!" என்று கத்தினேன். இவர் வெளியே ஓடினார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? அவசரப் பொதுக்கூட்டம் கூட்ட!

ஒரு மணிக்குக் கூட்டம். நான் அறைக்குள் பாயில் சாய்ந்து கிடந்தேன். வெளியே ட்ரக்டர் நின்றது. தலைவர் விதிப் புத்தகத்தை விரித்தார்.

"பிள்ளை பிறக்கிறது சந்தோசமான விசயம். ஆனா இது மரண உதவிச் சங்கம். பிறப்புக்கு மரணக் காசைக் குடுக்கிறது அபசகுனம். விதியிலையும் இடமில்லை."

"விதியை மாத்துவம்" என்றான் ஒருவன்.

"விதியை மாத்திறதெண்டா பதினாலு நாள் முன்னறிவித்தல் குடுக்கவேணும்" என்றார் காரியதரிசி. "எட்டாம் விதி."

"பதினாலு நாள் கழிச்சு அவா என்ன செய்யிறது, காத்துக்கொண்டிருக்கிறதோ?"

"காத்திருக்க ஏலாட்டி அது சங்கத்தின்ர பிழையில்லை."

நான் உள்ளேயிருந்து, "வெளியில வந்தனெண்டால் தெரியும் ஆரின்ர பிழை எண்டு!" என்று சத்தம் போட்டேன். பிறகு ரிக்கற் அப்பு செருமுவது கேட்டது.

"தலைவர், ஒரு கேள்வி. நான் இந்தத் திட்டத்துக்குள்ள செத்தா எனக்கு நூறு ரூபாய்தானே?"

"ஓம் அப்பு."

"அப்ப நான் செத்திட்டன் எண்டு எழுதுங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?"

"என்ன விசர்? எனக்கு எண்டுதானே இவ்வளவு நாளும் சேர்க்கிறியள்? ஒவ்வொரு கூட்டத்திலையும் என்னைத்தானே பாக்கிறியள்? நான் செத்தாப் பிறகு வாற காசாலை எனக்கென்ன லாபம்? இண்டைக்கே செத்ததா எழுதிக் காசைத் தாங்கோ. நான் என்ர காசை ஆருக்கும் குடுப்பன். பேந்து சாகேக்க ஒரு சதமும் கேக்கமாட்டன்."

மகன் துள்ளி எழும்பினான். "அப்பு, பேய்க்கதை கதையாதையுங்கோ! உயிரோட இருக்கேக்க செத்ததா எழுதிறதோ?"

அப்பு மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ சும்மா இரு. நீதானே முதல்லை ஒரு வழி ரிக்கற் எடுத்தனி?"

மகன் உட்கார்ந்துவிட்டான்.

தலைவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இறந்தவர் இறந்திருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. அவருடைய ஊர்ச் சங்கத்தில் அதை எழுத வேண்டிய அவசியம் ஒருவருக்கும் வந்திருக்கவில்லை. எல்லைக்குள் இருக்கிறாரா? இருக்கிறார். சந்தா ஒழுங்காகக் கட்டினவரா? கட்டினவர். பொருளாளர் என்று இவரை எழுப்பி ஒருதரம் கேட்டார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? "சந்தா நிலுவை ஒண்டும் இல்லை" என்றார். மனைவிக்காக இவர் அன்று பேசிய ஒரே வசனம் அதுதான்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதோடு விட்டார்களா? காரியதரிசிக்கு ஏழு வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம். அனுதாபத் தீர்மானம் வாசித்தார். "அன்னாரின் பிரிவால் துயருறும் குடும்பத்தினர்க்கு..." அன்னார் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு நிமிஷ மௌன அஞ்சலி. எல்லாரும் எழும்பினார்கள். அப்புவும் மரியாதையாக எழும்பி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம்.

அந்த மௌனத்துக்குள்தான் எனக்கு வயிற்றுக் குத்துத் தொடங்கியது. முதல் குத்தைப் பல்லைக் கடித்துச் சமாளித்தேன். இரண்டாவதுக்கு, "ஐயோ! என்ர அம்மா!" என்று கத்திவிட்டேன். வெளியே ஒருவரும் அசையவில்லை. மௌனம் முடிந்ததும் காரியதரிசியின் குரல் கேட்டது. "பாவம், அந்த மனுசிக்கு அப்புவில எவ்வளவு பற்று!"

"பற்றும் இல்லை, பட்டும் இல்லை, எனக்கு நோகுது!" என்று கத்தினேன்.

அப்போதுதான் இவருக்கு உயிர் வந்தது. மூன்று திறப்பையும் கொண்டுவந்தார்கள். ஏழு வருஷமாகத் திறவாத பூட்டு, ஒன்றும் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டார்கள், மந்திரம் சொல்வது போல எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசியில் அப்பு உலக்கையை எடுத்து ஒரு போடு போட்டார். செத்தவரின் கையில் அவ்வளவு பலம். மூடி பறந்து சில்லறை விறாந்தை முழுக்க உருண்டது.

இவர் குந்தியிருந்து எண்ணத் தொடங்கினார். நூறு ரூபாயை மட்டும் அல்ல, கையிருப்பு முழுவதையும். எண்ணாமல் எப்படிக் கொடுப்பது, கணக்குச் சரியா என்று பார்க்க வேண்டாமா என்கிறார்! நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "நீங்கள் எண்ணி முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்! எழும்புங்கோ!" என்றேன். இவர் எழும்பினார். ஆனால் எழும்பும்போது அப்புவிடம் நூறு ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழும்பினார். உலகத்தில் தன் மரணக் காசுக்குத் தானே கையெழுத்து வைத்தவர் எங்கள் அப்பு ஒருவராகத்தான் இருக்கும்.

ட்ரக்டர்ப் பெட்டியில் வைக்கோல் பரப்பி என்னைக் கிடத்தினார்கள். காட்டுப் பாதையில் அது துள்ளிய துள்ளலுக்கு நான் அந்தச் சாரதியின் ஏழு தலைமுறையையும் பேசினேன். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். மழை பெய்யவில்லை, ஏன் பிடித்தார் என்று அவருக்கும் தெரியாது. பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் ஆசுப்பத்திரியில் மகள் பிறந்தாள். கால்தான் முதலில் வந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றா அங்கே இருந்த டொக்டர் அம்மா. அவா சொன்னதைக் கேட்டு இவர் சுவரில் தலையை வைத்து விக்கி விக்கி அழுதார். எனக்கு இவர் மேல் இருந்த ஆத்திரம் முழுவதும் அத்தோடு போய்விட்டது. கொஞ்சம் வைத்திருந்தேன், பிற்காலத் தேவைக்கு.

முப்பத்தொன்றாம் நாள் எனக்குப் பிள்ளை பெற்ற துடக்குக் கழிவு. அன்றைக்கே அப்புவுக்குச் செத்து முப்பத்தொன்று! அந்தியேட்டி வைக்க வேண்டிய நாள். அப்பு, ட்ரக்டருக்கு முப்பது போக மிச்சக் காசைக் கொண்டுவந்து, "இரண்டையும் ஒண்டாச் செய்து போடுவம்" என்றார். எங்கள் முற்றத்தில் கிடாரம் வைத்துச் சமைத்தோம். வடை, பாயாசம், பதினோரு கறி. தன்னுடைய அந்தியேட்டிக்குத் தானே வந்து முதல் பந்தியில் இருந்து மூன்று தரம் பாயாசம் வாங்கிக் குடித்தார் அப்பு. "ஆத்மா சாந்தியடைஞ்சிட்டுது" என்று வயிற்றைத் தடவினார். மகளை மடியில் வைத்து, "இவளும் நானும் ஒரு நாள்க்காரர்" என்று எல்லாருக்கும் காட்டினார்.

அதற்குப் பிறகு சங்கத்துக்குத்தான் சங்கடம். அடுத்த மாதம் அப்பு சந்தாக் காசோடு வந்தார். இவர் வாங்க மறுத்துவிட்டார். இறந்த அங்கத்தவரிடம் எப்படிச் சந்தா வாங்குவது? பத்து நிமிஷம் வாதாடிப் பார்த்துவிட்டு, அப்பு அந்த ஐம்பது சதத்துக்குப் புகையிலை வாங்கினார். கூட்டத்துக்கு வருவார், வாக்களிக்க விடமாட்டார்கள். காரியதரிசி வருகைப் பதிவில் அவர் பெயரை எழுதி, முன்னால் 'அமரர்' என்று போடுவார். தகரத்துக்கு மூடியை ஒட்டிப் புதிதாக மூன்று பூட்டுப் போட்டார்கள். தலைவருக்கு மட்டும் நெஞ்சில் ஒரு நோவு. மாதம் ஒருமுறை வந்து தகரத்தைத் தூக்குவார். "முந்தின கனம் இல்லை" என்பார்.

மகள் நடந்தாள், பேசினாள், அப்புவின் புகையிலைப் பையை ஒளித்து வைத்தாள். ஆறு வயதில் புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். திட்டத்தில் இன்னும் ஒருவரும் சாகவில்லை. ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷ மாரியில் அப்புவுக்கு மறுபடி மூச்சு இழுத்தது. மகன் வண்டிலைக் கட்டினான். எல்லாருக்கும் போய்வர ரிக்கற் எடுப்பதாகச் சத்தியம் பண்ணினான். நாங்களும் போய் நின்றோம். அப்பு வண்டிலில் ஏற மாட்டேன் என்று கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பு, ஊருக்குப் போவம்" என்று மகன் கெஞ்சினான்.

"நான் இஞ்ச செத்து ஆறு வருஷமாச்சு" என்றார் அப்பு. "இனி அங்க போய் என்னத்தைச் சாகிறது?"

அடுத்த நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். மனிதர் கடைசி நேரத்திலும் சிரிப்பு மூட்டிவிட்டுப் போனார் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகுதான் எங்கள் ஆண்களுக்கு உறைத்தது. பதின்மூன்று வருஷம் சாவுக்குக் காசு சேர்த்தவர்கள் சுடலைக்கு ஒரு துண்டு நிலம் பார்த்து வைக்கவில்லை! மண்வெட்டிகளோடு ஓடினார்கள், குளக்கட்டுக்கு அப்பால் ஒரு மேட்டைத் துப்புரவாக்கினார்கள்.

விறகுக்கும் பந்தலுக்கும் காசு வேண்டும். அதுவும் வெட்டுக்கு முந்தின காலம். மகன் கையில் ஒன்றுமில்லை. சங்கத்தைக் கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை. தலைவரும் காரியதரிசியும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். தலைவர்தான் கதையைத் தொடங்கினார்.

"என்ன செய்யிறது? விதிப்படி அப்புவுக்குக் குடுத்தாச்சு. ஒருத்தருக்கு இரண்டு தரம் குடுக்க ஏலாது."

இவர் கணக்குப் புத்தகத்தை எடுத்து, செலவுப் பக்கத்தைத் திறந்தார். அத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: அப்புவின் பெயர், மரணம், நூறு ரூபாய். அடிமட்டத்தை வைத்து அந்த வரியை நேராக வெட்டினார். மேலே, 'பொருளாளர் பெற்ற கடன்' என்று எழுதப் போனார்.

தலைவர் இவருடைய கையைப் பிடித்துவிட்டார்.

"கடன் எண்டு எழுதாதையும்" என்றார். "பிரசவம் எண்டு எழுதும்."

"விதியிலை..." என்று தொடங்கினார் இவர். இவரைத் திருத்த ஆராலும் முடியாது.

"விதியை எழுதினது நான்தானே? எழுதும்."

இவர் எழுதினார். பிரசவச் செலவு, நூறு ரூபாய். அடுத்த வரியில் அப்புவின் பெயர், மரணம், நூறு ரூபாய். மூன்று திறப்பும் வந்தன.

செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கிற சடங்கு முடிந்ததும் பேரப்பிள்ளைகளை நெய்ப்பந்தம் பிடிக்க வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்புவின் மகனுக்குப் பிள்ளைகள் இல்லை. மற்றப் பேரப்பிள்ளைகள் குடாநாட்டில், வந்து சேர நேரமில்லை. மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தான். என்னையோ இவரையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தத்தைக் கொளுத்திக் கொடுத்தான். அவள் அப்புவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "அப்பு முந்தியே செத்தவரெல்லோ? பேந்தும் ஏன் அழுகினம்?" என்று கேட்டாள். காரியதரிசிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தலைவருக்கு, பிறகு மகனுக்கும். அழுதுகொண்டே சிரித்தோம், எனக்கு மூச்சே முட்டியது. மகள் ஒருவரையும் பார்க்காமல், நெய் வடிந்து கை சுடுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு, பந்தத்தைக் கீழே விடாமல் அப்புவைச் சுற்றி வந்தாள்.